செலவில்லாமல் பாரிஸ் பார்ப்பது எப்படி

படிக்கிற காலத்தில், கையில் பெரிதாகக் காசில்லாமல், ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றைப் பார்த்துவிட்டு வர ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பாரிஸைப் போல் உதவக்கூடிய நகரம் வேறில்லை. ரோம், பெர்லின், மட்ரிட் எல்லாம் நல்ல நகரங்கள்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் திருகோணமலைப் பிள்ளையின் சட்டைப்பையில் பாரிஸ் வைத்திருக்கும் அக்கறை தனி. அந்தக் காசு தன் மண்ணில் வீணாகச் செலவழிந்துவிடக் கூடாது என்பதில் அது காட்டும் கண்டிப்பு பெற்றவர்களுக்கே வராது.

சிக்கனப் பயணம் நமக்குத் தெரியாத கலையல்ல. ஏப்ரல் பிறந்து கடல் அடங்கியதும் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கமெல்லாம் முதுகில் தங்களைவிடப் பெரிய பையோடு பிரெஞ்சு, டச்சு, ஜெர்மன் மாணவர்கள் வந்து இறங்குவார்கள். பலபேர் படுக்கும் அறையில் ஒரு கட்டில், காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் புறாமலைக்கு வள்ளம், பின்னேரம் கோணேசர் கோயில் மலையில் நின்று படம். பஸ் நிலையத்தில் ஓட்டோக்காரர் சொன்ன கூலியைக் கேட்டதும் அந்தப் பிள்ளை தலையை ஆட்டும். வெறும் பையைத் தட்டிக் காட்டும். "ஸ்டூடன்ட், நோ மணி" என்று சிரிக்கும். ஓட்டோக்காரர் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "பாவம், படிக்கிற பிள்ளை போல. குடுக்கிறதைக் குடுத்திட்டு ஏறட்டும்" என்பார். அவருக்கும் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கும். இலங்கைக்குள் வருவதற்கு அந்தப் பிள்ளை பட்ட பாடெல்லாம், கட்டிலில் படுத்தபடி கைபேசியில் ஒரு படிவம் நிரப்பியதுதான்.

மாணவன், காசில்லை. இந்த இரண்டையும் சொன்னால் திருகோணமலையில் கூலி குறையும். பாரிஸின் வாசலில் இதே இரண்டையும் சொன்னால் கதவு சாத்தப்படும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பண்பாடு முதிர்ந்த நகரம் வறுமையை விருந்தாளியாக ஏற்கத் தயங்குவது இயல்பு. தன்னுடைய பழைய வறுமையை மட்டும் ஓவியமாக வரைந்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டி வைத்திருக்கிறது. அதைப் பார்க்கக் கட்டணமும் வாங்குகிறது.

நிலாவெளி வீதியிலேயே, அந்த விடுதிகளைத் தாண்டிப் போனால் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம். அங்கே கணினி விஞ்ஞானமோ சித்த மருத்துவமோ படிக்கிற ஒரு பிள்ளைக்கு, விடுமுறையில் ஒரு கிழமை பாரிஸ் பார்க்க வேண்டும் என்று ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரக் கூடாதா என்ன? பாரிஸ் அந்த ஆசைக்குக் கொடுக்கும் மரியாதையைப் பாருங்கள். உடனே வா என்று சொல்லி அதை மலினப்படுத்துவதில்லை. முதலில் விசாவுக்காகக் கொழும்புக்கு வரச் சொல்கிறது. இரவு பஸ் ஏறி, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏழெட்டு மணி நேரம் குலுங்கி, விடியப்புறம் இறங்கி, எங்காவது முகம் கழுவி, பத்து விரலையும் கண்ணாடியில் பதித்துவிட்டு வர வேண்டும். பிள்ளை போய்ச் சேருமோ இல்லையோ, கைரேகை ஐரோப்பா போய்ச் சேர்ந்துவிடும். அங்கே ஐந்து ஆண்டு தங்கவும் செய்யும். அது திரும்பி வருமா என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு ஃபைல். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பாரிஸின் அன்பு விளங்கும். கொமியூனிகேஷன் கடையில் எடுத்த பிரதிகள் மட்டும் ஒரு சாண் உயரம். போகவரப் பதிந்த விமானச் சீட்டு, தங்குமிடப் பதிவு, எந்த நாள் எந்த இடம் என்ற அட்டவணை, இவர் எங்கள் மாணவர்தான் என்று வளாகத்திலிருந்து ஒரு கடிதம், மொழிபெயர்த்து முத்திரை குத்திய பிறப்புச் சான்றிதழ், தகப்பனின் தொழிலுக்கு அத்தாட்சி, வங்கிக் கணக்குக்கூற்று. எல்லாவற்றுக்கும் மேலே, வெளிர்ந்த பின்னணியில் சிரிக்காத ஒரு படம். சிரிக்கக் கூடாது என்பது விதி. இந்த ஃபைலைக் கட்டி முடித்தவருக்கு அந்த விதியைக் கடைப்பிடிப்பதில் சிரமம் இருப்பதில்லை.

இதற்குள் காப்புறுதிப் பத்திரம் ஒன்றும் இருக்கும். குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஒரு கிழமைக்குள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், கால் முறிந்தால், வேறேதும் நடந்தால் என்ன செய்வது என்ற பதைப்பு. இருபத்து மூன்று ஆண்டு திருகோணமலையில் வளர்ந்தபோது அந்த உயிருக்கு இவ்வளவு விலை யாரும் போட்டதில்லை.

சாப்பாட்டுக் கவலையும் உண்டு. ஒரு நாளைக்கு எவ்வளவு காசு வைத்திருக்க வேண்டும் என்று பிரான்ஸ் தானே கணக்கிட்டு வைத்திருக்கிறது: விடுதி பதிந்திருந்தால் 65 யூரோ, பதியாவிட்டால் 120. பாரிஸில் சிக்கனமாக நாள் கழிக்க வழி கேட்டால் பாரிஸ்காரரே சொல்லித்தருவார்கள். ஒரு நீளப் பாண், ஒரு துண்டு சீஸ், சென் நதிக்கரையில் ஓர் ஓரம். அவர்களுடைய பிள்ளைகள் அப்படித்தான் இருக்கிறார்கள், அதைப் பாட்டாகவும் படமாகவும் எடுத்து உலகத்துக்கே விற்றிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பிள்ளை பாணைக் கடித்துக்கொண்டு காய்வதைப் பார்க்க அந்த நகரத்துக்கு மனம் வராது. ஏழு நாளுக்கு 455 யூரோவாவது காட்டியாக வேண்டும். விருந்தாளி தன்னுடைய காசில் வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று வற்புறுத்தும் இந்த விருந்தோம்பல், வள்ளுவருக்கே தோன்றாமல் போயிற்று.

அந்தக் காசு வங்கியில் இருக்க வேண்டும். இன்றைக்கு இருந்தால் போதாது. மாதக்கணக்காக அங்கே நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டும். தகப்பன் கரைவலை இழுக்கிறவர் என்றால் இங்கேதான் இடிக்கும். வலை ஏறிய நாளில் மணலில் வைத்தே பங்கு பிரித்துக் காசு கைக்கு வரும். பொழுது படுவதற்குள் கடைக்கடன், சீட்டுக்காசு, தங்கச்சியின் டியூஷன் என்று அது தன் வழிக்குப் போய்விடும். "நான் எப்பயடா பாங்கில போட்டனான்? வலை வந்தாக் காசு, வராட்டிக் கடன்" என்பார் மனிதர். முப்பது ஆண்டு உப்புத்தண்ணீரில் நின்றதற்கு எழுத்தில் ஒரு வரி கிடையாது. சரி, மானத்தைக் காப்பாற்றுவோம் என்று கனடாவில் இருக்கும் மாமா ஒரு தொகையை அனுப்பிக் கணக்கை நிமிர்த்திவிட்டால், இந்தக் காசு திடீரென்று எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். கணக்கில் காசில்லாவிட்டாலும் சந்தேகம், இருந்தாலும் சந்தேகம். இவ்வளவு நேர்த்தியான சமத்துவம் 1789-இல் புரட்சி செய்த நாட்டிலிருந்துதான் வர முடியும்.

பாரிஸிலேயே சித்தப்பா இருக்கிறார், அவர் வீட்டில் தங்கலாம் என்றால் நாட்கூலி, மன்னிக்க வேண்டும், நாட்காசு 32.50 யூரோவாகக் குறையும். அதற்குச் சித்தப்பா தன் வட்டார நகரசபைக்குப் போய், வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்று காட்டி, 30 யூரோ முத்திரை ஒட்டி ஒரு வரவேற்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். சான்றிதழ் தர மறுத்தாலும் முத்திரைக் காசு திரும்பாது. அண்ணன் மகனை வீட்டில் படுக்க வைக்க அரசாங்கத்திடம் சான்றிதழ் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லாதது எங்கள் நிர்வாகத்தின் குறைபாடுதான்.

விசாக் கட்டணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவனாவேன். 2020-இல் 60 யூரோவிலிருந்து 80 ஆனது. 2024 ஜூனிலிருந்து 90. எங்கள் ரூபாவில் முப்பதாயிரத்தைத் தாண்டும். ஃபைலை வாங்கி அடுக்கும் முகவருக்குச் சேவைக் கட்டணம் புறம்பு. விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு அவர்களுடையது. கூர்ந்து பார்த்தால் பாரிஸின் முதல் நுழைவுச்சீட்டு இதுதான். உள்ளே விடாதவனிடமும் நுழைவுச்சீட்டுக்குக் காசு வாங்கலாம் என்று உலகத்தில் வேறெந்தக் காட்சிச்சாலைக்கும் இதுவரை உதிக்கவில்லை. படிப்புக்காகவோ பயிற்சிக்காகவோ வரும் மாணவரிடம் இந்தக் கட்டணம் வாங்குவதில்லை என்று விதியில் ஒரு வரி இருப்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நகரத்தைச் சும்மா பார்த்துவிட்டு வர ஆசைப்படுகிறவன் அதற்குள் வரமாட்டான், அவன் சுற்றுலாப்பயணி. பாரிஸைப் பார்ப்பதில் படிப்பு எதுவும் இல்லை என்று பாரிஸே எழுதிக் கொடுத்திருக்கிறது. தன்னைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசும் தலைநகரத்தை நான் அறியேன்.

பதினைந்து நாளில் பதில் வரும். வேண்டுமென்றால் நாற்பத்தைந்து நாள் வரை இழுக்கும். மறுப்பு என்றால் அச்சடித்த படிவம் ஒன்று, அதில் காரணங்களின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். யாரும் பேனா பிடித்துக் காரணம் எழுதிக் களைக்க வேண்டியதில்லை. சதுரத்துக்குள் ஒரு குறி விழுந்தால் போதும். பலருக்கும் விழுகிற குறி ஒன்று உண்டு: காலம் முடிய முன் நீர் திரும்பிப் போவீர் என்பதில் எங்களுக்கு நியாயமான சந்தேகம் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சத்தியம் செய்தால், பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லாச்சப்பல் முழுக்கச் சிரிக்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் போனவர்கள் திரும்பவில்லை. திரும்பி வர இங்கே என்ன மிஞ்சியிருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சித்தப்பாவே தொலைபேசியில், "வந்தா வந்ததுதான். திரும்பிப் போய் அங்க என்ன செய்யப்போறாய்?" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லக் கூடியவர்தான். ஆனால் பட்டத்துக்கு இன்னும் இரண்டு தவணை இருக்கிறது, சோதனை எழுத வேண்டும், அம்மாவைத் தனியே விட முடியாது என்பவையெல்லாம் அந்தச் சதுரத்துக்குள் அடங்காத அளவு பெரிய விஷயங்கள்.

வந்தவர் திரும்பிப் போவாரா என்ற இந்தக் கவலை ஐரோப்பாவுக்கு எங்கிருந்து பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். அனுபவம்தான். சொந்த அனுபவம், அதிலும் கொஞ்சம் எங்கள் ஊரிலேயே கிடைத்தது.

போர்த்துக்கேயர் 1620-களில் வந்தார்கள். சுவாமிமலைக் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். கல்லுக்குக் காசில்லை, ஏற்றுகூலி இல்லை. சிக்கனப் பயணத்துக்கு இதைவிட முன்மாதிரி கிடையாது. 1639-இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1660-இல் பாய்மரம் முறிந்த கப்பலோடு கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ரொபர்ட் நொக்ஸ் என்ற இளைஞரை மூதூர்ப் பக்கத்தில் வைத்துக் கண்டி அரசன் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் 19 ஆண்டுக்கு மேல் மலைநாட்டில் இருந்து, தப்பியோடி, 1681-இல் லண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகம் போட்டார். வந்த பயணியைத் திருப்பி அனுப்ப எங்கள் அரசனுக்கு மனம் வராத காலம் அது. நாகரிகம் போதாது, இல்லாவிட்டால் கரையிலேயே கணக்குக்கூற்றைக் கேட்டிருப்பான்.

1782-ஐ மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் வந்து ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். செப்டம்பர் 3-ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கடற்படையும் மோதிக்கொண்டன. ஒரே ஆண்டில் ஒரே கோட்டையில் மூன்று கொடி. எவரும் தங்குமிடம் பதிந்து வரவில்லை, போகவரச் சீட்டுக் காட்டவில்லை. 1795-இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தார்கள். அவர்களுடைய கடற்படை 1957-இல்தான் தளத்தைக் கையளித்துவிட்டுக் கிளம்பியது. திரும்பிப் போகும் நோக்கம் அவர்களுக்கு உண்டு என்பது 162 ஆண்டுக்குப் பிறகே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபணமானது. சீனக்குடாக் காட்டுக்குள் அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்கள், மறந்துவிட்டுப் போன பயணப்பொதிகள், இன்னும் நிற்கின்றன.

அந்த சுஃப்ரெனைப் பாரிஸ் மறக்கவில்லை. ஏழாம் வட்டாரத்தில் அவர் பெயரில் அகன்ற வீதி ஒன்று உண்டு. ஐஃபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில், சென் நதியோரம் தொடங்கி, ஷாம் து மார்ஸ் திடலை ஒட்டிக்கொண்டு போகிறது. திருகோணமலைப் பிள்ளை பாரிஸில் செலவில்லாமல் பார்க்கத்தக்க இடங்களில் அதைத்தான் முதலில் சொல்வேன். மர நிழல் உண்டு, நடைபாதை உண்டு, கட்டணம் இல்லை. கோபுரத்தில் ஏறாமலே கோபுரத்தைப் பார்க்கலாம். திருகோணமலைக்குப் பீரங்கியோடு வந்தவரின் பெயர்ப்பலகையை வாசிக்க, திருகோணமலையிலிருந்து போகிறவர் தகப்பனின் வங்கிப் புத்தகத்தோடு போக வேண்டும், அவ்வளவுதான். முன்னோர் அழைப்பில்லாமல் வந்த வெட்கத்தை இப்படி ஈடுசெய்கிறார்கள் போலும். ஒழுங்கு அப்போது போதாமல் போனதால் இப்போது கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறார்கள்.

ஊருக்குள்ளே இறங்காமல் விமான நிலையத்தில் மட்டும் விமானம் மாறினால் என்ன என்று கெட்டிக்காரர் யாராவது கேட்கலாம். வேறு பெரிய நாட்டு விசா எதுவும் இல்லாத இலங்கைக் கடவுச்சீட்டோடு ஐரோப்பிய விமான நிலையத்தில் விமானம் மாறவும் விசா வேண்டும். உலகத்தில் அந்த மரியாதை கிடைத்த நாடுகளின் பொதுப் பட்டியலில் ஒரு டசின் பெயர்தான். அதில் நாங்களும் இருக்கிறோம். கிரிக்கெட்டுக்குப் பிறகு இவ்வளவு சிறிய பட்டியலில் எங்கள் பெயர் வந்தது இங்கேதான்.

எல்லாம் கடந்து உள்ளே போய்விட்டவர்களுக்குப் பாரிஸ் உண்மையில் மலிவான ஊர்தான். லூவர் அருங்காட்சியகம் 26 வயதுக்குட்பட்ட இளையோருக்கு இலவசம், அவர்கள் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வசித்தால். அந்த வலயத்துக்கு வெளியேயிருந்து போகிறவருக்கு 2026 ஜனவரியிலிருந்து சீட்டு 22 யூரோ அல்ல, 32. தூரத்திலிருந்து வருகிறவருக்கு அதிக விலை போட்டால்தான் வந்ததற்கு ஒரு பெறுமதி இருக்கும். இதில் நாங்கள் குறை சொல்ல வாயில்லை. சிகிரியாவில் உள்ளூர்க்காரரைவிடப் பலமடங்கு வெள்ளைக்காரரிடம் வாங்குகிற ஆட்கள் நாங்கள். ஐரோப்பாவுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த பாடம் என்று ஒன்றாவது இருக்கட்டும்.

லண்டனில் படிக்கும் எங்கள் பிள்ளைகளின் நிலை இன்னும் மேல். காசை வங்கியில் 28 நாள் அசையாமல் கிடத்திக் காட்டி மாணவர் விசா எடுத்துப் போனவர்கள். செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் பாரிஸ். கூடப் படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை வெள்ளிக்கிழமை மத்தியானம் நினைத்து இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கும். எங்கள் பிள்ளைக்கு அதே 90 யூரோ, அதே விரல், அதே ஒரு சாண் ஃபைல். ரயில் போய் நிற்கும் கார் து நோரிலிருந்து கொஞ்சம் நடந்தால் லாச்சப்பல். அங்கே கொத்து ரொட்டி உண்டு, மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் உண்டு. மாணிக்க விநாயகர் தேர் வீதிக்கு வரும் நாளில் பாரிஸ் பொலிஸார் வாகனங்களை மறித்துக் கொடுக்க, சிதறு தேங்காய் வீதியெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். எங்கள் பிள்ளையாரிலோ தேங்காயிலோ பாரிஸுக்கு ஆட்சேபனை இல்லை.

ரயில் கிடைக்காத பிள்ளை லண்டனிலேயே பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை. அந்தத் தாராளத்தை நான் மனமாரச் சொல்கிறேன். 33-ஆம் இலக்கக் காட்சிக்கூடத்தில் தாரா தேவி சிலையாக நிற்கிறாள். எட்டாம் நூற்றாண்டு, பொன் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுத்ததாகச் சொல்வார்கள். இங்கே தேசாதிபதியாக இருந்த பிரவுண்றிக் 1830-இல் கொண்டுபோய்க் கொடுத்தார். இடுப்புக்கு மேலே ஆடையில்லாமல் வந்துவிட்டாளே என்று முப்பது ஆண்டளவு பொதுமக்கள் கண்ணில் படாமல் உள்ளே வைத்திருந்தார்கள். அதைத் தவிர ஒரு குறையும் வைக்கவில்லை. எங்கள் கரையிலிருந்து போனவர்களில் வருமான அத்தாட்சி கேட்கப்படாதவள் அவள். திரும்பிப் போகும் நோக்கம் உண்டா என்றும் யாரும் கேட்கவில்லை. போக வேண்டும் என்று அவள் சொன்னாலும் விடுவார்களோ தெரியாது.

மறுப்புக் கிடைத்த பிள்ளையையும் பிரான்ஸ் அந்தரத்தில் விடுவதில்லை. 30 நாளுக்குள் நாந்த் நகரத்துக்கு மேன்முறையீடு எழுதலாம். பிரெஞ்சில் எழுத வேண்டும். நாடி பார்க்கப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒரு மாதத்தில் பிரெஞ்சும் படித்துக்கொள்ள இது ஒரு தூண்டுதல். இரண்டு மாதம் பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்கு அவர்கள் தபால் செலவிலும் சிக்கனம். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் புதிதாகவே விண்ணப்பிக்கலாம். எத்தனை தடவை என்று வரம்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவைக்கும் 90 யூரோ, கொழும்புக்கு ஓர் இரவு பஸ், சிரிக்காத புதுப் படம் ஒன்று. ஆறு மாதத்துக்கு முந்திய படம் செல்லாது.